சோறளித்தோம், சொல்லும் அளிப்போம்

விளங்காத மொழியில் வந்த அரசாங்கக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, படித்துச் சொல்ல ஆள் தேடிய அவலம் நமக்குப் புதியதன்று. 1956 ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் அதனை நமக்கு நன்கு உணர்த்தியது. இன்று அதே அவலத்தில் வேறு சிலர் நம்மிடையே வாழ்கின்றனர்.

பாக்கிஸ்தான், ஆப்கானிஸ்தான், மியன்மார் ஆகிய நாடுகளிலிருந்து உயிர் தப்பி வந்த அகதிகளையே குறிப்பிடுகின்றோம். 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இலங்கை சேரவில்லை. இங்கு அவர்களுக்கு நிரந்தர வாழ்வில்லை. ஆங்கிலம் வழங்கும் நாடொன்று ஏற்குமா என்று காத்திருப்போர் பலர்.

"நம் பிள்ளைகளுக்கே ஆங்கில ஆசிரியர் போதாதபோது பிறருக்கேன்?" என்று கேட்பார் உளர். கேள்வி நியாயமானதே. ஆயின், 1983 இன் பின் இலண்டனிலும் தொறொன்ரோவிலும் சென்றிறங்கிய நம்மவர்க்கு ஊதியம் பெறாது மொழி பயிற்றிய அந்நியரை நாம் மறத்தல் முறையன்று.

இலக்கணம் பின்னர் வரட்டும். தம் பெயர், ஊர், நோய், தமக்கு நேர்ந்த கொடுமை ஆகியவற்றைத் தாமே சொல்ல முதலிற் கற்பிப்போம். அகதியின் வழக்கிற் பெரும்பாலும் அவன் வாய்மொழியே சாட்சி. மொழிபெயர்ப்பாளர் நாவில் ஒரு சொல் பிறழின் வழக்கே பிறழும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும் வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்குவார்களாக. 2024 டிசெம்பரில் முள்ளிவாய்க்காற் கரையை அடைந்த ரோகிங்கியா மக்களுக்கு உணவளிக்க முன்வந்தவர் நம் ஊர் மக்களே. அன்று சோறளித்த இனம் இன்று சொல்லும் அளிக்கட்டும்.