சூர்யா, தேவா, பத்மா

சூர்யாவும் தேவாவும் காதலர்கள் என்று ‘தளபதி’ ரசிகர்களிடம் சொல்லிப் பாருங்கள். “நட்பைக் கொச்சைப்படுத்தாதே” என்று சண்டைக்கு வந்துவிடுவார்கள். ஆதாரம் எங்கே, எந்தக் காட்சி, மணிரத்னம் அப்படிச் சொன்னாரா? குடிகாட்டு டீக்கடை ஒன்றில் இதே பேச்சு போன வாரமும் ஓடியது.

சரி, ஆதாரமே பார்ப்போம். 1991இல் வந்த அந்தப் படத்தில் சூர்யா மணப்பது பத்மாவை. அவள் கணவனைக் கொன்றவனே சூர்யாதான். கல்யாணத்துக்கு முன்நிற்பவன் தேவா. பத்மாவுக்கும் சூர்யாவுக்கும் காதல் எந்தக் காட்சியில் வந்தது? ஒருத்தரும் கேட்பதில்லை. ஆணும் பெண்ணும் என்றால் தாலி போதும். ஆணும் ஆணும் என்றால் பத்திரப்பேப்பரில் எழுதித் தரணும். என்னய்யா நியாயம்?

பெற்ற தாய் யாரென்று தெரிந்த பிறகும் சூர்யா தேவாவை விட்டு விலகவில்லை. இதை நட்பென்று வாசிக்கலாம். நானும் பல வருஷம் அப்படித்தான் வாசித்தேன். இரண்டு ஆண்கள் உயிரைக் கொடுத்தாலே காதல்தான் என்று அடம்பிடிக்கும் இளசுகளோடும் எனக்குச் சண்டை உண்டு. கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையுமாவது விட்டுவிடுங்கப்பா! ஆனால் ஒரு வாசிப்பைத் தவறு என்பது வேறு, அசிங்கம் என்பது வேறு.

அசிங்கமாம்! சிதம்பரத்துக்குப் பக்கத்தில் கொத்தட்டையில் கூத்தாண்டவர் கோயில் இருக்கிறது. அரவானை மணக்க மோகினியாக வந்தவன் கண்ணன். அந்தக் கதைக்குத் திருவிழா பார்க்கப் போகிறவர்கள்தான் தேவா பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்கள்.

டீக்கடையில் பேச்சு முற்றியபோது, ஓரத்தில் இருந்த பையன் ஒருவன் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனான். அதுவரை அவன் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.