பனி விழுவது இயற்கை. பாதை அடைபட்டுக் கிடப்பது?

பனி என்ற சொல்லைக் கேட்டதும் தமிழர் நெஞ்சில் எழுவது மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. இடுப்பளவு குவிந்து வீட்டுக் கதவைத் திறக்கவொட்டாமல் அடைக்கும் வெண்பனிக்கும் அதே சொல்லைத்தான் கடன்கொடுக்க வேண்டியுள்ளது. சொல்லின் இவ்வறுமை பொறுக்கத்தக்கதே. பனிப்புயல் ஓய்ந்த பின்னர் மாந்தர் படும் பாட்டை எல்லாம் ‘இயற்கையின் சீற்றம்’ என்று கூறிக் கைகழுவும் ஆட்சியாளரின் சொல்தான் பொறுக்கத்தக்கதன்று. புயல் ஒரு நாளில் ஓய்ந்துவிடுகிறது. அதற்குப் பின் வரும் ஒரு வாரம் எவருடைய பொறுப்பு?

1969ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை நியூயார்க் நகரில் பனி கொட்டத் தொடங்கியது. ஏறத்தாழ 15 அங்குலம் விழுந்தது. அந்நகரத்திற்கு இது கண்டறியாத அளவன்று. ஆயினும் 42 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் குவீன்ஸ் என்னும் ஒரே பகுதியைச் சேர்ந்தோர். மன்ஹாட்டனின் பெருவீதிகளில் வண்டிகள் ஓடத் தொடங்கிய பின்னும் குவீன்சின் தெருக்கள் பல நாள்கள் மூடியே கிடந்தன. குப்பை அள்ளப்படவில்லை, பேருந்து வரவில்லை. ஐக்கிய நாட்டு மன்றத்தின் உயர் அதிகாரியும் 1950ஆம் ஆண்டில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவருமான ரால்ஃப் பன்ச் அப்பகுதியில் குடியிருந்தார். தம் தெருவில் பனி அகற்றும் வண்டியின் நிழல்கூடப் படவில்லை என்று மேயருக்கு அவர் தந்தி அடிக்க நேர்ந்தது. உலகச் சண்டைகளைத் தீர்க்கச் சென்ற பெரியவருக்கே இக்கதி என்றால், தந்தி அடித்தாலும் கேட்பாரற்ற எளியோர் என்ன செய்திருப்பர்?

மேயர் ஜான் லின்ட்சே குவீன்சைப் பார்வையிடச் சென்றார். அவர் கார் பனியில் சிக்கிக்கொண்டது. வேறு வண்டியில் ஏறிச் சென்ற இடத்தில் மக்கள் அவரை ஏசி அனுப்பினர். அவ்வாண்டுத் தேர்தல் பரப்புரையில் தொலைக்காட்சியில் தோன்றி, வானிலையைத் தவறாகக் கணித்துவிட்டதாக அவர் ஒப்புக்கொண்டார். ஆண்மையான ஒப்புதல் என்று பலர் பாராட்டினர். நவம்பரில் மீண்டும் வெற்றியும் பெற்றார்.

அந்த ஒப்புதலைச் சற்று உரசிப் பார்க்க வேண்டும். பனி மழையாக மாறிவிடும் என்ற முன்னறிவிப்பு பொய்த்தது உண்மையே. ஆனால், நகரின் பனி அகற்றும் கருவிகளுள் ஏறக்குறைய 40 விழுக்காடு பழுதுபட்டு நின்றதற்கு வானம் எப்படிப் பொறுப்பாகும்? இயந்திரம் பனிக்காலத்தில் பழுதாவதில்லை. கேட்பாரற்றுக் கிடந்த கோடைக்காலத்தில்தான் அது பழுதாகிறது. தேர்வில் தவறிய மாணவன் வினாத்தாள் கடினம் என்று கூறுவதற்கும், ஆண்டு முழுவதும் புத்தகத்தைத் திறக்கவில்லை என்று கூறுவதற்கும் வேறுபாடு உண்டு. லின்ட்சே கூறியது முன்னதே.

பத்து ஆண்டுகள் கழித்து, 1979 சனவரியில், சிக்காகோவில் இதே நாடகம் மீண்டும் அரங்கேறியது. முன்பு விழுந்த பனி கரையாதிருக்க, மேலும் 20 அங்குலம் விழுந்தது. நெரிசலைக் குறைக்கும் பொருட்டு நகர இரயில்கள் சில நிலையங்களில் நில்லாமல் சென்றன. எந்நிலையங்கள்? கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளின் நிலையங்கள்! கடுங்குளிரில் காத்து நின்றவர்கள் கண்ணெதிரே இரயில் கடந்து சென்றது. பிப்ரவரி 27ஆம் நாள் நடந்த கட்சித் தேர்தலில் மேயர் மைக்கேல் பிலாண்டிக் தோற்றார். அவரால் பதவி நீக்கப்பட்டிருந்த ஜேன் பர்ன் அம்மையார் வென்று, அந்நகரின் முதல் பெண் மேயரானார். பனி யாருக்கும் ஓரவஞ்சனை செய்வதில்லை. எந்தத் தெருவை முதலில் திறப்பது என்று எழுதும் கைதான் செய்கிறது.

இந்த வரிசையை மாற்றி எழுதியோரும் உண்டு. சுவீடனின் கார்ல்ஸ்கூகா நகராட்சி 2011ஆம் ஆண்டளவில் தன் வழக்கத்தை ஆராய்ந்தது. முதலில் பெருஞ்சாலை, இறுதியில் நடைபாதை என்பதே அதுவரை இருந்த முறை. காரில் அலுவலகம் செல்வோர் பெரும்பாலும் ஆண்கள். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு பேருந்து நிறுத்தத்திற்கும் குழந்தைக் காப்பகத்திற்கும் நடப்போர் பெரும்பாலும் பெண்கள். பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் பனியில் கார் ஊர்ந்தேனும் செல்லும். குழந்தை வண்டி செல்லுமா? ஊன்றுகோல் செல்லுமா? வழுக்கி விழுந்து எலும்பு முறிந்து மருத்துவமனையை நிரப்புவோர் கார் ஓட்டுவோரைவிட நடந்து செல்வோரே. ஆகவே காப்பகங்களுக்குச் செல்லும் வழிகளும் நடைபாதைகளும் முன்வரிசைக்கு வந்தன.

தலைநகர் ஸ்டாக்ஹோமும் இக்கொள்கையை ஏற்றது. 2016 நவம்பரில் அங்கே நூறாண்டுக்கு மேலாகக் காணாத நவம்பர்ப் பனி கொட்டிப் போக்குவரத்து நின்றதும் ஏளனம் எழுந்தது. பெண்ணுரிமை பேசி நகரை முடக்கிவிட்டார்களாம்! உண்மையில் அன்று நடைபாதைகளும் புதைந்தே கிடந்தன. கொள்கை தோற்றதா, கொள்கை நடைமுறைப்படுத்தப்படாமல் கிடந்ததா என்று ஏளனம் செய்தோர் கேட்கவில்லை. சாலையை முதலில் திறந்த பழைய முறை எத்தனையோ குளிர்காலங்களில் தவறியபோது, ‘ஆண்களுக்கான பனி அகற்றல் தோற்றது’ என்று எந்த ஏடாவது தலைப்பிட்டதுண்டா? பழைய முறைக்குப் பெயரே இல்லை. பெயரில்லாத முறை குற்றவாளிக் கூண்டில் ஏறுவதில்லை.

மருத்துவ வண்டியும் தீயணைப்பு வண்டியும் செல்லப் பெருஞ்சாலை வேண்டாவா என்று கேட்பர். வேண்டும், அதை மறுப்பார் எவருமில்லை. பெருஞ்சாலையில் விரையும் அம்மருத்துவ வண்டி நோயாளியின் வாசலுக்கு எவ்வழியே செல்லும் என்பதே கேள்வி. 1969இல் குவீன்சின் உட்தெருக்களில் அந்த வழிதான் இல்லாமற் போயிற்று. பெருஞ்சாலையிலிருந்து வாசல் வரையுள்ள அந்தக் கடைசி நூறு அடியைத் திறக்கும் பொறுப்பு எவருடையது என்பது பனி விழுமுன் கோடையிலேயே, பழுதான இயந்திரங்களின் கணக்கோடு சேர்த்து, எழுதி வைக்கப்படவேண்டியது.