புறாவுக்கு நஞ்சு வைப்பதா தீர்வு?



பாடசாலைக் கூரையிலும் பள்ளிவாயல் மேல்மாடியிலும் புறாத் தொல்லை இருப்பது உண்மை. வகுப்பறையில் எச்சம், பீலியில் அடைப்பு, தண்ணீர்த் தாங்கியில் இறகு. இதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் "நஞ்சு வையுங்கள், கூட்டைப் பிடுங்கி எறியுங்கள்" என்று சிலர் சொல்வதை நாம் ஏற்க முடியாது.

நஞ்சு தின்ற புறா எங்கே விழும்? அதே தாங்கிக்குள், பிள்ளைகள் விளையாடும் அதே முற்றத்தில். செத்ததைப் பூனையும் தின்னும். இடம் காலியானால் வேறு சோடி வந்து குடியேறும். ஏனென்றால் நாம் ஓட்டையை அடைக்கவுமில்லை, மிச்சச் சோற்றை வெளியே கொட்டுவதை நிறுத்தவுமில்லை.

புறா இரண்டு முட்டை இடும். 18 நாளளவில் பொரிக்கும். அதன்பின் ஒரு மாதமளவில் குஞ்சு பறந்துவிடும். அதுவரை பொறுக்க முடியாதா? குஞ்சுகளை இழந்து தவித்த பறவையைக் கண்டு, அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். வகுப்பில் இதைக் கற்பித்துவிட்டு, கூரையில் வேறொன்றைச் செய்தால் பிள்ளைகள் எதை நம்புவார்கள்?

குஞ்சு பறந்த கையோடு, முகக்கவசம் போட்டு, எச்சத்தை நனைத்து அள்ளுவோம். தாங்கிக்கு மூடி போடுவோம். கூரை இடைவெளிகளுக்கு 2 அங்குலத்துக்கு மேற்படாத கண்ணியுள்ள வலை அடிப்போம். தாமதித்தால் அடுத்த முட்டை வந்துவிடும்.

வலைக்குக் காசில்லையாம். பரிசளிப்பு விழாப் பந்தலுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? அடுத்த அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதைக் கேட்போம்.