கால் சென்டருக்கு மலிவான இடம் எது?

இரண்டாம் வருடம் பி.காம். படிக்கும்போது ஒரு அசைன்மெண்ட் கொடுத்தார்கள். நூறு சீட் உள்ள கஸ்டமர் கேர் கால் சென்டர் ஒன்றைச் சென்னையில் எங்கே வைத்தால் செலவு குறையும்? எங்கள் குழு கிண்டியையும் சிறுசேரியைத் தாண்டிய ஓ.எம்.ஆர். பகுதியையும் ஒப்பிட்டு "சிறுசேரிதான்" என்று எழுதிக் கொடுத்தது. நல்ல மார்க்கும் வந்தது. அந்த மார்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று இப்போது தோன்றுகிறது. (கொடுக்க மாட்டேன், அது வேறு விஷயம்.)

காரணம் என் பெரியம்மா பெண். ஊர் திருவாரூர் மாவட்டத்தில் பேரளம் பக்கம். டிகிரி முடித்துவிட்டு சென்னைக்கு வந்து ஒரு கால் சென்டரில் சேர்ந்தாள். கோட்டூர்புரத்தில் எங்கள் வீட்டிலேயே தங்கல். ஆபீஸ் கிண்டியில் இருந்தவரை ஒன்றரை வருடம் ஒரு பிரச்சினையும் இல்லை. பிறகு வாடகை குறைவு என்று கம்பெனி ஓ.எம்.ஆரின் கடைசிக்கு மாறியது. இரவு ஷிப்ட் முடிந்து கேப் மத்திய கைலாஷ் வரைதான் வரும். பன்னிரண்டரை மணிக்கு அப்பா அங்கே ஸ்கூட்டரோடு காத்திருப்பார். இரண்டு மாதம் இப்படி ஓடியது. அப்புறம் நாவலூர் பக்கம் ஹாஸ்டல் பார்த்துக்கொண்டாள். சம்பளம் 16,000, அதில் ஹாஸ்டலுக்கு 7,000. ஐந்தாவது மாதம் பேப்பர் போட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டாள். அவள் டீமில் அவளுக்கு முன்பே நாலு பேர் போயிருந்தார்களாம்.

அக்கா போன அன்றைக்குத்தான் எங்கள் எக்செல் ஷீட்டை மறுபடி திறந்து பார்த்தேன். அதில் வாடகை இருந்தது, கரண்ட் இருந்தது, அட்வான்ஸ் இருந்தது. அக்கா இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். இனி வரும் ரூபாய்கள் நானே வைத்துக்கொண்ட உதாரணம்தான், யாருடைய பேலன்ஸ் ஷீட்டும் இல்லை. சீட்டுக்கு 70 சதுர அடி என்றால் நூறு சீட்டுக்கு 7,000 சதுர அடி. கிண்டியில் சதுர அடி 80 ரூபாய் என்றால் மாதம் 5.6 லட்சம். ஓ.எம்.ஆர். கடைசியில் 45 என்றால் 3.15 லட்சம். மாதம் 2.45 லட்சம் மிச்சம், கைதட்டல்! எங்கள் குழு இங்கேயே நின்றுவிட்டது.

ஆனால் கால் சென்டரில் பெரிய செலவு வாடகை இல்லை, ஆள். நூறு பேருக்குத் தலைக்கு 15,000 என்றால் 15 லட்சம். முதலாளி பங்கான பி.எஃப். 12 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் சேர்த்தால் 17 லட்சத்துக்கு மேல். இரவு ஷிப்டில் நாற்பது பேருக்கு கேப், தலைக்கு 4,000 என்றால் 1.6 லட்சம். (இதை மிச்சம் பிடிக்க முடியாது. 24 மணி நேரமும் கடை, நிறுவனங்கள் திறந்திருக்கலாம் என்று 2019-இல் தமிழக அரசு அனுமதி கொடுத்தபோதே, இரவு எட்டு மணிக்குமேல் பெண்கள் வேலை பார்க்க எழுத்துப்பூர்வமான சம்மதமும் தக்க பாதுகாப்பும் வேண்டும் என்று நிபந்தனை வைத்தது.) அடுத்து அட்ரிஷன். மாதம் ஐந்து பேர் போனால், வரும் புது ஆளுக்கு ட்ரெயினிங் மாதச் சம்பளம், கன்சல்டன்சி கமிஷன், அடுத்த மாதம் அரைகுறையாக எடுக்கும் கால்கள் என்று தலைக்கு 27,500 வைத்தாலும் 1.37 லட்சம்.

கேப்பும் அட்ரிஷனும் சேர்ந்து கிட்டத்தட்ட மூன்று லட்சம். கிண்டியிலும் கேப் உண்டு, அங்கேயும் ஆட்கள் போவார்கள். இதில் பாதி அங்கேயும் ஆகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தாலும் அந்த 2.45 லட்சம் மிச்சம் ஒரு லட்சத்துக்கும் கீழே வந்துவிடுகிறது. அதுவும் ஐந்து பேர்தான் போவார்கள் என்ற நம்பிக்கையில்.

ஆகவே என் கட்சி இதுதான்: சதுர அடி எங்கே மலிவு என்று தேடக்கூடாது, வேலைக்கு வருகிறவர் சொந்த வீட்டில் தூங்கிவிட்டு வரக்கூடிய இடம் எது என்று தேட வேண்டும். அப்படித் தேடினால் சென்னையே கிடையாது.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் ஏரியாவை ஒட்டிய மதில் சுவருக்கு அந்தப்பக்கம், சென்னை ஐ.ஐ.டி.யில், இருபது வருடத்துக்கு முன்பே யோசித்துவிட்டார்கள். பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினரின் ஆதரவில் சலோனி மல்ஹோத்ரா என்ற டெல்லிப் பெண் 2005-இல் ஆரம்பித்து 2007-இல் நிறுவனமாக்கிய தேசிக்ரூ, கிராமத்துப் பி.பி.ஓ. என்ற எண்ணத்தை நடத்திக் காட்டியது. அவர்கள் மையம் வைத்த ஊர்களில் ஒன்று கொல்லுமாங்குடி. அக்கா ஊருக்குப் பக்கத்தில்! அவள் அங்கிருந்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளி வந்து ஐ.ஐ.டி. சுவருக்கு இந்தப்பக்கம் தங்கி வேலைக்குப் போனாள் என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வேறென்னவோவும் வருகிறது. தேசிக்ரூ செய்தது பெரும்பாலும் டேட்டா வேலை, போன் வேலை கொஞ்சம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தமிழ்நாட்டு வாடிக்கையாளர் தமிழில் பேச ஒரு கால் சென்டர் என்றால், கொல்லுமாங்குடியில் தமிழுக்கா பஞ்சம்?

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. தமிழக அரசு 2010-இல் கிராமப்புற பி.பி.ஓ.வுக்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. மத்திய அரசின் பி.பி.ஓ. ஊக்குவிப்புத் திட்டம் 48,300 சீட்டுகளுக்கு, சீட்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தர முன்வந்தது. சென்னை மாதிரி பெருநகரங்களுக்குக் கிடையாது, சிறு ஊர்களுக்குத்தான். அதன் காலம் 2019 மார்ச்சோடு முடிந்தது. 2024-இல் விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடி என்று வரிசையாக மினி டைடல் பார்க்குகள் திறந்தார்கள். 2000-இல் தரமணியில் டைடல் பார்க் வந்தபோது ஊரெல்லாம் அதை நோக்கி வந்தது. இப்போது அது ஊரை நோக்கிப் போகிறது.

"கரண்ட் போகும், நெட் போகும், மேனேஜர் போக மாட்டான்" என்பான் என் வகுப்புத் தோழன். மூன்றுமே உண்மை. என் ஷீட்டில் ஜெனரேட்டர், இரண்டாவது ஃபைபர் லைன், மேலாளர்கள் போய்வரும் செலவு என்று மாதம் 1.5 லட்சம் கூடுதலாகப் போட்டேன். வாடகை சதுர அடி 15, ஒரு வேன் 40,000, மாதம் ஒருவர் வேலையை விடுகிறார். சம்பளத்தில் கைவைக்காமலே ஓ.எம்.ஆரைவிட மாதம் மூன்று லட்சத்துக்குப் பக்கத்தில் மிஞ்சுகிறது.

மழை, புயலைப் பற்றிச் சென்னைக்காரன் பேசவே கூடாது. 2015 டிசம்பரில் அடையாறு கோட்டூர்புரத்துக்குள் புகுந்தபோது நான் சின்னப் பையன். எங்கள் தரைத்தளத்து வீட்டுக்காரர்கள் மாடியில் எங்களோடு இருந்தார்கள். யார் போனிலும் சிக்னல் இல்லை. விமான நிலையமே சில நாள் மூடிக்கிடந்தது. டெல்டா மட்டும் தப்புமா? 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது திருவாரூர் மாவட்டத்துக் கிராமங்களுக்குக் கரண்ட் வர எவ்வளவு நாள் ஆனது என்று பெரியம்மா இன்னும் சொல்வாள். அதனால் நூறு சீட்டையும் ஒரே ஊரில் வைப்பது தப்பு. ஐம்பது கொல்லுமாங்குடியில், ஐம்பது தென்காசிப் பக்கம். ஒரே புயல் இரண்டையும் தொடாது. முன்பு இப்படிப் பிரிப்பது பெரிய தலைவலி, ஒவ்வொரு மையத்துக்கும் தொலைத்தொடர்புத் துறையில் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். 2020 நவம்பரில் அந்தப் பதிவையே எடுத்துவிட்டார்கள். 2021 ஜூனில் இன்னும் தளர்த்தி, மையங்களை ஒன்றோடொன்று இணைக்கவும் எக்ஸ்சேஞ்சை வேறு இடத்தில் வைக்கவும் வழிவிட்டார்கள். தடை இப்போது சட்டத்தில் இல்லை, நம் பழக்கத்தில்தான்.

(எல்லாக் காலையும் இனி கம்ப்யூட்டரே எடுத்துக்கொள்ளும் என்று சொல்பவர்களுக்கு: எளிய கேள்விகளை எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது கோபமாகப் பேசும் வாடிக்கையாளர்கள். அவர்களிடம் ஒரு மாத அனுபவக்காரரா, மூன்று வருட அனுபவக்காரரா பேசுவது நல்லது?)

ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. என் முதல் ஷீட்டில் கிராமத்துச் சம்பளம் 12,000 என்றுதான் போட்டிருந்தேன். ஊரில் விலைவாசி குறைவு, ஹாஸ்டல் செலவும் இல்லை, எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்? மிச்சம் ஆறு லட்சம் காட்டியது. பெருமையாக அக்காவுக்கு போனில் படித்துக் காட்டினேன்.

"அந்த 12,000 எப்படி வந்துச்சு?"

"உனக்குத்தான் ஹாஸ்டல் காசு 7,000 மிச்சமாகுதே அக்கா. 12,000 குடுத்தாலும் உனக்கு லாபம்தான்."

"டேய், எங்கம்மா சோறு போடுறதால மிச்சமாகுற காசு அது. அதை உன் கம்பெனி எதுக்குடா எடுத்துக்குது?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கட்டத்தில் 15,000 என்று மாற்றினேன். மேலே சொன்ன மூன்று லட்சம், மாற்றிய பிறகு வந்த கணக்கு.