எட்டாத ஆணி

பங்கு மக்களின் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போதெல்லாம் நம் செவியில் விழும் முறையீடு ஒன்று உண்டு. "சாமி, இவனுக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்கள். பள்ளி விட்டு வந்ததும் பையை ஒரு மூலையில் எறிகிறான். சட்டை இன்னொரு மூலையில் கிடக்கிறது." அண்மையில் ஒரு தாய் இவ்வாறு கூறியபோது, "பையை எங்கே மாட்ட வேண்டும்?" என்று வினவினோம். சுவரிலிருந்த ஆணி ஒன்றைக் காட்டினார். தந்தையின் சட்டை தொங்கிய அந்த ஆணி நம் தலைக்கும் மேலே இருந்தது. எட்டு வயதுச் சிறுவனுக்கு அது எப்படி எட்டும்?

இந்த உண்மையை உலகுக்கு உணர்த்தியவர் இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், உரோமை நகரில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் அவர் ஒரு குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அங்கே கருவிகளை உயரமான அலமாரியில் பூட்டி வைத்து, ஆசிரியையே எடுத்துக் கொடுத்து, அவரே திரும்ப அடுக்குவது வழக்கம். அவர் அடுக்கும்போது குழந்தைகள் பின்தொடர்ந்து சென்று உற்று நோக்குவதை அம்மையார் கவனித்தார். அடுக்கும் வேலையைத் தாங்களே செய்ய அவர்கள் விரும்பினர்! ஒருநாள் அலமாரி பூட்டப்படாதிருந்தது. குழந்தைகள் வேண்டியதைத் தாங்களே எடுத்துப் பயன்படுத்தினர். அதன்பின் கைக்கெட்டும் தாழ்ந்த அலமாரிகள் வந்தன. 1939இல் இந்தியாவுக்கு வந்த அம்மையார், சென்னை அடையாற்றிலும் பின்னர் கோடைக்கானலிலும் தங்கி, நம் நாட்டு ஆசிரியர்களுக்கும் இம்முறையைப் பயிற்றுவித்தார்.

ஆயினும் இடம் காட்டுவது மட்டும் போதாது. இதை நாம் ஒரு தவற்றின் வழியே கற்றோம். இளங்குருவாக மாணவர் விடுதி ஒன்றின் பொறுப்பில் இருந்த நாள்களில், சனிக்கிழமைதோறும் பெட்டிகளைச் சோதிப்போம். ஒரு சிறுவனின் தகரப் பெட்டியில் கசங்கிய தாள்கள் நிறைந்திருந்தன. அவன் விளையாடச் சென்றிருந்த வேளையில் அவற்றைக் குப்பையில் சேர்த்துவிட்டோம். திரும்பி வந்தவன் பெட்டியைத் திறந்து பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. அவை அவனுடைய மறைந்த தந்தை எழுதிய கடிதங்கள் என்பதை மறுநாள் அவன் தோழன் சொல்லித்தான் அறிந்தோம். குப்பை அதற்குள் எரிக்கப்பட்டுவிட்டது. மன்னிப்புக் கேட்டோம், அவன் தலையை மட்டும் அசைத்தான். அதன்பின் அவன் பெட்டி எப்போதும் ஒழுங்காகவே இருந்தது. அந்த ஒழுங்கைக் கண்டு மகிழத்தான் நம்மால் இயலவில்லை.

பெற்றோரே, தனி அறை பெற்ற பிள்ளைகள் நம்மிடையே சிலரே. எனினும், அறுவர் உறங்கும் ஓரறை வீட்டிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் எட்டும் உயரத்தில் ஓர் ஆணி, அலமாரியில் ஒரு தட்டு, தனக்கென ஒரு பெட்டி அளிக்க முடியும். "எல்லாவற்றையும் ஒழுங்காக வை" என்ற கட்டளை சிறுவனுக்கு விளங்காது. "புத்தகங்களைத் தட்டில் வை" என்றால் விளங்கும். அவன் கோணலாக அடுக்கியதை அவன் கண்முன்னே கலைத்து அடுக்காதீர்கள். மறுநாள் அவன் கை நீளாது. கழிக்க வேண்டியவற்றை அவனை அருகில் அமர்த்தி, கேட்டுக் கழியுங்கள். அண்ணனின் சட்டையைத் தங்கை மடிக்க வேண்டும் என்ற வழக்கத்தையும் விட்டொழியுங்கள். தன் பொருளைப் பேணுதல் ஆணுக்கும் உரிய கடமையன்றோ? தந்தையும் தம் செய்தித்தாளை மடித்து வைப்பாராயின், பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

அந்த வீட்டில் அன்று மாலையே தாழ்வாக ஓர் ஆணி அடிக்கப்பட்டது. சென்ற வாரம் அவ்வழியே சென்றபோது எட்டிப் பார்த்தோம். பை ஆணியில் தொங்கியது. சட்டை இன்னும் தரையில்தான் கிடந்தது. "சாமி, இன்னும் ஓர் ஆணி வேண்டும் போலிருக்கிறது" என்றார் அத்தாய், சிரித்துக்கொண்டே.