வன்னியின் வசந்தம் ஐப்பசியில் வருகிறது

சித்திரை பிறந்தால் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வன்னிக்கு வட்ஸ்அப்பில் பூக்கள் வரத் தொடங்கிவிடும். பனி உருகிய மண்ணைப் பிளந்துகொண்டு எழுந்த துலிப், மஞ்சள் டஃபோடில், பக்கத்தில் குளிருடுப்பைக் கழற்றிய மகிழ்ச்சியோடு மருமகள். "அங்க என்ன பூத்திருக்கு, மாமி?" என்று ஒரு கேள்வியும் கூடவே வரும். கிளிநொச்சியில் அந்த நேரம் முற்றத்து மண் காலை பத்து மணிக்கே உள்ளங்காலைச் சுடும். தை மாதம் லொறிக்காரரிடம் வாங்கிய றோசாக் கன்று இலையெல்லாம் உதிர்த்துத் தடியாக நிற்கும். மாமி எதைப் படமெடுத்து அனுப்புவார்?

வெயிலில்தான் பிழை என்று பலரும் சொல்வார்கள். நாட்காட்டியை முதலில் பார்க்க வேண்டும். வசந்தம் என்றால் சித்திரையும் வைகாசியும் என்று பஞ்சாங்கமும் பாடப்புத்தகமும் சொல்லித்தந்ததை நம்பி வன்னியில் பூந்தோட்டம் போடுபவர் ஒவ்வொரு வருடமும் ஏமாறுவார். இந்த நிலத்தின் வசந்தம் ஐப்பசியில் தொடங்கி மாசிவரை நீள்கிறது. அதை ஒப்புக்கொண்டு கன்று தெரிவு செய்கிற வளவில் பூவுக்குக் குறைவே இருக்காது.

குளிர்நாட்டுப் பல்லாண்டுப் பூச்செடிகள் உறங்குவது பனிக்காலத்தில். துலிப் கிழங்குக்கு ஏறக்குறைய மூன்று மாதக் கடுங்குளிர் கிடைத்தால்தான் அது ஒழுங்காகப் பூக்கும். அந்தக் குளிரே அதற்கு விழித்தெழும் கட்டளை. வன்னியில் அப்படி ஒரு குளிர் எந்த மாதத்திலும் இல்லை. இங்கே செடிகளை உறங்கவைப்பது வரட்சி. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைநாட்டில் கொட்டிவிட்டு, வெறும் சூடும் புழுதியுமாகச் சோளகமென்றும் கச்சானென்றும் பெயர் பெற்று வன்னிக்கு வந்து சேர்கிறது. வைகாசியிலிருந்து புரட்டாதிவரை நிலம் வெடித்துக் கிடக்கும். ஆண்டுக்கு 1750 மில்லிமீற்றருக்கும் குறைவான மழை பெறும் உலர் வலயம் இது. அந்த மழையிலும் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் விழுந்து முடிந்துவிடுகிறது. பெரும்போகத்தை அந்த மழைக்குக் கணக்காகப் பார்த்து விதைக்கிற கமக்காரர் வீட்டு முற்றத்துக்கு மட்டும் வேறு கணக்குப் போடுவது ஏனென்று தெரியவில்லை.

மண்ணுக்கடியில் கோடையைக் கழித்துவிட்டு முதல் மழையோடு எழுகிற செடிகளில் கார்த்திகைப்பூவுக்கு நிகர் இல்லை. அதன் கிழங்கு கலப்பை போல இரண்டு கவராக இருக்கும். கலப்பைக்கிழங்கு என்ற பெயரே அதனால் வந்தது. ஒவ்வொரு கவரின் நுனியிலும் ஒரேயொரு முளைக்கண். அந்த நுனி முறிந்தால் அந்தக் கவர் முளைக்காது. கார்த்திகைக் கொடிக்கு ஏறுவதற்கென்று தனிச் சுருள் கிடையாது. இலையின் நுனியே சுருண்டு கிளுவை வேலியையும் பூவரசங் கொப்பையும் பற்றிக்கொள்ளும். மொட்டுத் தலைகீழாகத் தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் பின்பக்கமாக மடிந்து மேல்நோக்கி எழும். முதல் நாள் பச்சை கலந்த மஞ்சள், பிறகு செம்மஞ்சள், கடைசியில் கடுஞ்சிவப்பு. ஒரே கொடியில் அடியில் முற்றிய சிவப்பும் நுனியில் இளமஞ்சளும் ஒன்றாக நிற்பதைக் கார்த்திகை மாத ஈரக் காலையில் பார்த்தவருக்குத் துலிப் படத்தைக் கண்டு பெருமூச்சு வராது.

தை, மாசியில் காய் முற்றிக் கொடி காய்ந்துவிடும். அதற்குள் பழைய கிழங்கு கரைந்து, அடுத்த வருடத்துக்கான புதுக் கிழங்கு மண்ணுக்குள் தயாராகியிருக்கும். இந்த இடத்தில்தான் வன்னி வளவுகளில் பெரும் கொலை நடக்கிறது. மழை விட்டதும் வேலியோரத்தைத் துப்புரவாக்குகிறேன் என்று மண்வெட்டி எடுப்பவர்கள், காய்ந்த கொடியைச் செத்த கொடியென்று நினைத்துக் கிழங்கோடு கொத்தி எறிந்துவிடுகிறார்கள். இழந்ததை விதையிலிருந்து மீட்கலாம். ஆனால் விதைக்கன்று பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும்.

இந்தப் பூவைப் பற்றி வடக்கில் பேசினால் அரசியல் வராமல் இருக்காது. 2003இல் விடுதலைப்புலிகள் இதைத் தேசியப் பூவாக அறிவித்தார்கள். கார்த்திகை (நவம்பர்) 27 மாவீரர் நாளோடு அது பிரிக்க முடியாதபடி சேர்ந்துவிட்டது. 2024இல் யாழ்ப்பாணப் பாடசாலையொன்றின் இல்ல மெய்வல்லுநர் போட்டி அலங்காரத்தில் கார்த்திகைப்பூ இருந்ததற்காக மாணவர்களைப் பொலிசார் விசாரித்தார்கள். தமிழ்நாட்டில் இதே பூ செங்காந்தள் என்ற பெயரில் மாநில மலர். சிம்பாப்வேயில் தேசிய மலர். 1947இல் இளவரசி எலிசபெத்துக்குத் தென் ரொடீசியாவின் பாடசாலைப் பிள்ளைகள் காசு சேர்த்துக் கொடுத்த வைர அணியூசி இந்தப் பூவின் வடிவத்தில் செய்யப்பட்டது. இத்தனை நாடுகளில் மரியாதையோடு நடமாடும் பூவைப் பிள்ளைகள் அட்டையில் வெட்டி ஒட்டியதற்கு விசாரணை வைப்பது சிரிப்புக்குரிய வேலை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மேடைகளில் துணியிலும் கடதாசியிலும் இந்தப் பூவைச் செய்து கட்டுகிற நம்மவர்களில் எத்தனை பேரின் வேலியில் உயிருள்ள கொடி நிற்கிறது? காட்டோரத்தில் தானாக முளைத்ததை உழவு இயந்திரம் போட்டு மூடிவிட்டு, வளைவில் பிளாஸ்டிக் பூவைத் தொங்கவிடுவது அந்தச் செடிக்குச் செய்கிற மரியாதை ஆகாது.

வீட்டில் வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கொடி முழுவதும் நஞ்சு, கிழங்கில் மிகக் கடுமையான நஞ்சு. கொல்சிசின் என்ற இந்தப் பொருளைத்தான் மருத்துவர்கள் அளவு பார்த்து மூட்டுவீக்க நோயொன்றுக்குக் குளிசையாகக் கொடுக்கிறார்கள். விதைக்கு மருந்துச் சந்தையில் விலை இருப்பதால் தமிழ்நாட்டில் மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரணியம் பக்கங்களில் இதைப் பந்தல் போட்டுப் பயிராகவே வளர்க்கிறார்கள். இலங்கையில் வற்றாளங்கிழங்கென்று நினைத்து அவித்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே வற்றாளைப் பாத்திக்கும் சின்னப்பிள்ளைகள் மண் விளையாடும் இடத்துக்கும் தள்ளி, வேலியின் ஒரு மூலையை இதற்கென்று ஒதுக்க வேண்டும். கிழங்கைத் தொட்டால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

கார்த்திகைப்பூ ஒன்றோடு தோட்டம் முடிந்துவிடாது. சாத்தாவாரி இருக்கிறது: வேரில் கொத்துக் கொத்தாகக் கிழங்கு, வெளியே பஞ்சு போன்ற மெல்லிய பச்சை, வாசனையுள்ள சின்ன வெள்ளைப் பூக்கள். செம்முள்ளியும் ஆவரசும் மாடு மிதித்தாலும் மறுபடி தளிர்க்கிற சாதி. ஆவரசம்பூவைக் காயவைத்துத் தேநீராகக் குடிக்கிற பழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு. ஈழத்தலரி வரட்சியில் இலையை உதிர்த்துவிட்டுத் தடித்த தண்டில் சேர்த்த நீரோடு நிற்கும். முறித்த தடியை ஒரு கிழமை நிழலில் காயவிட்டு ஊன்றினாலே போதும். பட்டிப்பூவை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. கிணற்றடியிலும் சீமெந்து வெடிப்பிலும் தானே முளைத்து வருடம் முழுக்கப் பூப்பதால் அதற்கு மதிப்பும் இல்லை. மடகாஸ்கரில் பிறந்த அந்தச் செடியிலிருந்துதான் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் எடுக்கப்படுகின்றன. சிறுவர்களின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் முதலாவது இன்றும் முக்கியமான மருந்து.

பங்குனி, சித்திரையில் பூக்கிறவையும் இல்லாமல் இல்லை. மல்லிகை அந்த வெயிலைத்தான் விரும்புகிறது. மாரி மழை ஓய்ந்ததும் பழைய கொப்புகளைக் கத்தரித்து, அடியில் மாட்டெரு போட்டுவிட்டால் புதுத் தளிரின் நுனியில் மொட்டுக் கட்டும். வேம்பும் கொன்றையும் பூப்பது அதே நாட்களில். முற்றத்தில் பாய் விரித்து வேப்பம்பூச் சேர்த்து வடகம் போடுகிற வீட்டில் சித்திரையில் பூ இல்லையென்று யாரும் குறைப்பட முடியாது. கனடா மருமகளுக்கு அனுப்ப மாமிக்கு அந்தப் பாய் ஒன்றே போதுமான படம்.

லொறிக் கன்றுகளின் கதை வேறு. மலைநாட்டு நாற்றுமேடைகளில் தென்னந்தும்பிலும் மூடுபனியிலும் வளர்ந்த றோசா, டேலியா, அந்தூரியம் எல்லாம் ஏ9 வீதியோரத்துக்கு வந்து சேரும்போது பூவோடுதான் வருகின்றன. பூவைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். மாசியில் வாங்கியது ஆனியில் கருகிவிடும். அடுத்த மாசியில் இன்னொன்று. எக்சோராவும் அப்படித்தான் ஏமாற்றும். புளிப்பு மண்ணை விரும்பும் அந்தச் செடி, சுண்ணாம்புத் தன்மையுள்ள கிணற்றுத் தண்ணீரை ஊற்ற ஊற்ற நரம்பு மட்டும் பச்சையாக, இலை மஞ்சளாக மாறி நிற்கும். பசளை போதாதென்று நினைத்து யூரியாவைக் கொட்டுவார்கள். பாவம், கன்றும் போகும் காசும் போகும். வாளியில் தண்ணீர் சுமப்பவர்கள் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், ஆடி மாதத்து அந்தூரியம் வன்னிக்கு ஒரு ஆடம்பரம்.

இந்த வளவுகள் பலவற்றின் வயது மிகக் குறைவு என்பதையும் மறக்கக்கூடாது. 2009இல் போர் முடிந்தபின், இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக்பாம் முகாமிலிருந்து கட்டம் கட்டமாக வெளியேறியவர்கள், 2012 புரட்டாதியில் அந்த முகாம் மூடப்படும்வரை, பற்றை மண்டிய காணிகளுக்குத்தான் திரும்பினார்கள். கூரையும் கதவும் போன வீட்டு அத்திவாரத்துக்குப் பக்கத்தில் செவ்வரத்தையோ ஈழத்தலரியோ ஒன்று தப்பி நின்றால், தண்ணீர் ஊற்ற ஆளில்லாமலே அது வருடங்களைக் கடந்திருந்தது. ஐந்தரை இலட்சம் ரூபா இந்திய வீட்டுத்திட்டத்தில் எழுந்த வீடுகளின் முன்னால் என்ன நடுவது என்ற கேள்விக்கு அந்தச் செடிகளே பதில் சொல்லியிருந்தன. கேட்டவர்கள் குறைவு.

அரசாங்கத்தின் மொழியில் வீட்டுத்தோட்டம் என்றால் மரக்கறி. 2022 பொருளாதார நெருக்கடியில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்துப் பயிர் செய்யச் சொன்னபோதும் பேசப்பட்டது மிளகாயும் கத்தரியும்தான். பசிக்கு முதலிடம் கொடுத்ததில் குறை காண முடியாது. ஆனால் பூசணி, பாகல், பீர்க்கு ஆகியவற்றில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. தேனீ வராவிட்டால் பிஞ்சு வெம்பி விழும். வருடம் முழுக்க ஏதோ ஒன்று பூத்துக்கொண்டிருக்கும் வளவைத் தேனீ விட்டுப்போகாது. காய்கறி விதைப் பைக்கற்றோடு ஒரு ஆவரசங்கன்றும் கொடுப்பதற்கு இது போதுமான காரணம்.

கன்றுக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. உலர் வலயத் தாவரங்களுக்கென்று 2013இல் திறக்கப்பட்ட தாவரவியல் பூங்கா அம்பாந்தோட்டை மிரிஜ்ஜவிலவில் இருக்கிறது. வவுனியாவிலிருந்து ஒருவர் சாத்தாவாரிக் கன்றுக்காக அவ்வளவு தூரம் போகமாட்டார். வீதியோர நாற்றுமேடைக்காரர் விற்பனையாகிறதைத்தான் வைப்பார். அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. ஆனால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது. வவுனியாவுக்கு 2021இல் தனிப் பல்கலைக்கழகமே வந்துவிட்டது. மாகாண விவசாயத் திணைக்களத்துக்குப் பண்ணைகள் உண்டு, ஊருக்கு ஊர் கமநல சேவை நிலையங்களும் உண்டு. இவற்றில் ஒரு இடத்திலாவது வன்னியின் சொந்தப் பூச்செடிகளைப் பெருக்கி, புரட்டாதிக் கடைசியில் மலிவு விலைக்கு விற்கலாம். வடக்கு மாகாண சபை இயங்கிய காலத்தில் கார்த்திகையை மரநடுகை மாதமாகக் கடைப்பிடித்தார்கள். மழையோடு பொருந்திய நல்ல முடிவு அது. சபையின் பதவிக்காலம் 2018இல் முடிந்தது. மாதம் இன்னும் வருகிறது. மரக்கன்றோடு பூங்கன்றையும் சேர்த்து அதைத் தொடர்வதற்குத் தேர்தல் தேவையில்லை, ஒரு சுற்றுநிருபம் போதும்.

சுற்றுநிருபம் வரும்வரை வீட்டுக்காரர் செய்யக்கூடியது இருக்கிறது. மாசியில் கார்த்திகைக் கொடி காயும்போது அந்த இடத்தில் ஒரு தடி நட்டு அடையாளம் வையுங்கள், மண்வெட்டிக்காரருக்கும் சொல்லி வையுங்கள். ஆவணியில் கிடங்கு வெட்டி, சருகும் ஆட்டெருவும் போட்டு மூடிவிடுங்கள். புரட்டாதியில் அயல்வீட்டாரிடம் தடியும் கிழங்கும் கேட்டு வாங்குங்கள். இந்தச் செடிகள் பெரும்பாலும் கையிலிருந்து கைக்குத்தான் போகும், கடைக்கு வராது. முதல் மழை விழுந்து மண் ஒரு சாண் ஆழத்துக்கு நனைந்த பிறகு நடுங்கள். லொறிக்காரர் தையில் வருவார். அவரிடம் ஆசைக்கு ஒரு றோசா வாங்கினாலும் பிழையில்லை, ஆனால் தோட்டத்தை அவரிடம் ஒப்படைத்துவிடாதீர்கள்.