மைலேஜை விட்டு நீளத்தை அளக்கும் வரி

2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றம், காரை டேப் வைத்து அளக்கிறது. நான்கு மீட்டர் நீளம், 1200 சிசி பெட்ரோல் இன்ஜின், இரண்டுக்கும் உட்பட்டால் 18 சதவீதம், மீறினால் 40. மின்கார் எவ்வளவு நீளமாக இருந்தாலும் 5. டொயோட்டா ஹைரைடர் ஹைப்ரிட்டின் நீளம் 4,365 மில்லிமீட்டர், இன்ஜின் 1490 சிசி. எனவே 40! லிட்டருக்கு 27.97 கி.மீ. என்று சான்று பெற்ற வண்டிக்கும், அதன் 21 கி.மீ. தரும் சாதா பெட்ரோல் வகைக்கும் ஒரே வரி. முன்பு 43க்கு 45 என்று பேருக்காவது ஒரு வித்தியாசம் இருந்தது. அதையும் துடைத்துவிட்டார்கள்.

பழையசீவரத்திலிருந்து வாலாஜாபாத் வரை அந்த வண்டியை ஓட்டிப் பார்த்தால் இது எத்தனை பெரிய தவறு என்று தெரியும். பொத்தானை அழுத்தினால் சத்தமில்லை. ரெடி விளக்கு மட்டும் எரியும். மோட்டாரிலேயே வண்டி நகரும். வேகம் பிடிக்கும்போதுதான் இன்ஜின் ஓடத் தொடங்கும். கிளட்சும் இல்லை, கியர் போடும் வேலையும் இல்லை. நெல் மூட்டை ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்துபோய், வேகத்தடையில் பிரேக்கை மிதிக்கும்போது திரையைக் கவனியுங்கள்: அம்புக்குறி திரும்பி, சக்கரத்திலிருந்து பேட்டரிக்கு ஓடும். சாதா பெட்ரோல் கார்களில் பிரேக் பேடைச் சூடாக்கி வீணாகும் ஆற்றல் இங்கே மின்சாரமாகிச் சேர்கிறது. ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தால் மூன்று சிலிண்டர் இன்ஜின் இரைச்சல் போடும்; நான்குவழிச் சாலையில் ஒரே சீராக விரட்டினால் மிச்சமும் குறையும். ஆனால், நம் ஊர்ச் சாலைகளில் சீராக விரட்ட எங்கே முடிகிறது?

ஒரு கணக்கைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன். ஹைரைடர் ஹைப்ரிட்டின் பேட்டரி 0.76 கிலோவாட் அவர். நெக்ஸான் மின்காரின் பெரிய பேட்டரி 45. வகுத்தால் 59. ஒரே ஒரு மின்காருக்குத் தேவையான பேட்டரியில் 59 ஹைப்ரிட் ஓடும். ஒவ்வொன்றும் கால் பங்கு பெட்ரோலை மிச்சப்படுத்தினால், கிட்டத்தட்ட 15 கார்களின் பெட்ரோல் மிச்சம். மின்கார் மிச்சப்படுத்துவதோ ஒரு காரின் பெட்ரோலை. லித்தியம் செல்லுக்கு வெளிநாட்டை நம்பியிருக்கும் நாடு இதில் எதை ஊக்குவிக்க வேண்டும்?

பெட்ரோல் குடிக்கும் வண்டிக்குச் சலுகையா என்று மின்கார் ஆதரவாளர்கள் கொதிக்கிறார்கள். நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியில் வருகிறது. முதலில் அதற்குப் பதில் சொல்லட்டும். தெருவோரம் வண்டி நிறுத்தும் குடும்பம் எந்த பிளக்கில் சார்ஜ் போடும் என்பதையும் சொல்லட்டும்.

தமிழ்நாடு அரசும் தப்ப முடியாது. 10 முதல் 20 லட்சம் ரூபாய் வரையிலான காருக்கு இங்கே 2023 நவம்பர் முதல் 18 சதவீத ஆயுட்கால வரி, ஹைப்ரிட்டுக்கும் விலக்கில்லை. உத்தரப் பிரதேசம் 2024 ஜூலையிலேயே, மோட்டாரிலேயே நகரக்கூடிய ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தது. வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் கார் ஆலையை வைத்துக்கொண்டு நாம் வேடிக்கை பார்க்கிறோம். 18 சதவீதச் சலுகையும் ஹைப்ரிட்டுக்கு எட்டவில்லை: ஜிஎஸ்டி மாறியபோது, நான்கு மீட்டருக்குள் ஒரு ஸ்ட்ராங் ஹைப்ரிட்கூட இந்தியாவில் விற்பனையில் இல்லை. மத்திய அரசு ஹைப்ரிட்டுக்கான ஜிஎஸ்டியை 5 சதவீதமாகக் குறைக்கட்டும், தமிழ்நாடு ஆயுட்கால வரியை ரத்து செய்யட்டும். அந்தச் சின்ன ஹைப்ரிட் ஒரகடத்திலிருந்தே வெளிவரும்.